‘ஏலியன்ஸ்’ திகில் படமா, சண்டைப் படமா? நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். இந்த முறை வந்த சந்தேகங்களில் இரண்டு ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. வேடிக்கை என்னவென்றால், இரண்டுமே ஒரே காட்சியைத்தான் சான்றாகக் காட்டுகின்றன. ஒரு நேயர் இப்படி எழுதியிருக்கிறார்: “1979-இல் வந்த ‘ஏலியன்’ படத்தில் ஒரே ஒரு விலங்குதான், அது என் தூக்கத்தைக் கெடுத்தது. 1986-இல் வந்த ‘ஏலியன்ஸ்’ படத்தில் அவை கூட்டம் கூட்டமாக வருகின்றன, சுட்டதும் கொத்துக் கொத்தாக விழுகின்றன. கூரையிலிருந்து அவை இறங்கி வந்த இடத்திலேயே எனக்குப் பயம் போய்விட்டது. இதை ஏன் சிறந்த தொடர் படம் என்று கொண்டாடுகிறார்கள்?” இன்னொரு நேயரோ, அந்தக் கூரைக் காட்சியில் தாம் கண்ணை மூடிக்கொண்டதாகவும், முதல் படம்கூடத் தம்மை அந்த அளவுக்கு நடுங்க வைக்கவில்லை என்றும் சொல்கிறார். இந்த இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. படத்தை இன்னும் பார்க்காதவர்கள் இந்தக் காணொளியை இங்கேயே நிறுத்திவிட்டுப் பார்த்துவிட்டு வருவது நல்லது. முக்கியமான திருப்பங்கள் எல்லாவற்றையும் நான் உடைக்கப்போகிறேன்.

என் உரைகளைத் தொடர்ந்து கேட்டுவருபவர்களுக்கு நான் அடுத்து எந்தக் கேள்வியை எடுப்பேன் என்பது தெரிந்திருக்கும். ஒரு திகில் காட்சி வேலை செய்கிறதா இல்லையா என்று பார்க்கும்போது, விலங்கின் பல் எத்தனை, இரத்தம் எவ்வளவு என்று பார்க்க வேண்டாம். யாருக்கு என்ன தெரியும் என்று பாருங்கள். பாத்திரத்துக்கு என்ன தெரியும், பார்வையாளருக்கு என்ன தெரியும், இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்ற கணக்கில்தான் பயம் பிறக்கிறது.

ரிட்லி ஸ்காட் இயக்கிய முதல் படத்தில் யாருக்குமே ஒன்றும் தெரியாது. அந்த வேற்றுலக உயிரி எப்படி வளர்கிறது, எவ்வளவு பெரிதாகும், எதற்காகக் கொல்கிறது என்பது விண்கப்பலில் இருக்கும் ஏழு பேருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. படம் முழுவதிலும் வளர்ந்த விலங்கு நம் கண்ணில் படும் நேரம் சில நிமிடங்கள்தான். ஓவியர் எச். ஆர். கீகர் வடிவமைத்த அந்த உடலை, ஏறத்தாழ ஏழு அடி உயரமுள்ள போலாஜி படேஜோ என்பவர் அணிந்து நடித்தார். அவரை முழுதாகக் காட்டாமல் ஒரு கை, ஒரு தாடை, ஒரு நிழல் என்று துண்டு துண்டாகவே காட்டினார்கள். நேயர் தூக்கத்தை இழந்ததற்குக் காரணம் இந்தச் சிக்கனம்தான்.

ஆனால் அந்தச் சிக்கனத்தை இரண்டாம் முறை செலவழிக்க முடியாது. ஏழு ஆண்டுகள் கழித்துத் திரையரங்குக்குள் வருகிற பார்வையாளருக்கு முட்டை தெரியும், முகத்தைக் கவ்வும் பூச்சி தெரியும், மார்பைப் பிளந்துகொண்டு வெளிவரும் குட்டி தெரியும், இரத்தம் அமிலம் என்பதும் தெரியும். மறுபடியும் ஒரு கப்பல், ஒரு விலங்கு, ஏழு பேர் என்று எடுத்திருந்தால் அது முதல் படத்தின் நகலாகத்தான் முடிந்திருக்கும். இரண்டாம் படத்தை இயக்கிய ஜேம்ஸ் கேமரூன் கணக்கைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டார். முதல் படத்தின் ஏழு பேரில் உயிர்தப்பிய ஒரே ஒருத்தியான ரிப்ளிக்கு இந்தப் படத்தில் எல்லாம் தெரியும். ஆனால் அவள் சொல்வதைக் கேட்க வேண்டியவர்கள் யாரும் கேட்கவில்லை. அவள் 57 ஆண்டுகள் உறக்கத்தில் மிதந்துவிட்டு வந்து நடந்ததைச் சொல்கிறாள். விசாரணை மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கும், அவளை வேலைக்கு வைத்திருந்த நிறுவனத்தார், அந்த உயிரியை அவர்கள் முதலில் சந்தித்த கோளில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் குடும்பங்கள் வசித்துவருகின்றன, ஒருவரும் புகார் சொல்லவில்லை என்று பதில் சொல்கிறார்கள். அந்தப் பதிலைக் கேட்டதும் ரிப்ளியின் முகத்தில் வரும் மாற்றத்தைக் கவனியுங்கள். அங்கே விலங்கும் இல்லை, இருட்டும் இல்லை. ஆனாலும் முதல் பயம் அந்த அறையில்தான் பிறக்கிறது.

துப்பாக்கிகள் வந்ததால் பயம் போய்விட்டது என்கிறார் நேயர். வளர்ந்த விலங்கு ஒன்று கண்ணெதிரே தாக்குவதற்குப் படத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகிறது. அந்தக் கோளின் குடியிருப்போடு தொடர்பு அறுந்துபோனதால் ரிப்ளியோடு அங்கே அனுப்பப்படும் படை வீரர்கள், அந்த ஒரு மணி நேரத்தில் தங்கள் ஆயுதங்களைப் பற்றிப் பெருமையடித்துக்கொள்வதை நாம் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். தொழில்நுட்பத்தில் பல மடங்கு உயர்ந்த ஒரு படை, தான் குறைவாக மதிப்பிட்ட எதிரியிடம் நிலைகுலைவதைக் காட்ட வியட்நாம் போரை மனத்தில் வைத்தே எழுதியதாகக் கேமரூன் பல முறை சொல்லியிருக்கிறார். பிறகு அந்த ஆயுதங்களுக்கு என்ன ஆகிறது? காற்றுமண்டலத்தை உருவாக்கும் ஆலையின் அடித்தளத்துக்குள், விலங்குகளின் கூட்டுக்குள் வீரர்கள் நுழைகிறார்கள். அங்கே சுட்டால் உலையின் குளிரூட்டும் அமைப்பு உடைந்துவிடும் என்பது ரிப்ளிக்கு உறைக்கிறது. உடனே எல்லோரிடமிருந்தும் தோட்டா உறைகளைக் கழற்றி ஒரே பையில் போடச் சொல்லிக் கட்டளை வருகிறது. ஒரு மணி நேரமாக நாம் நம்பியிருந்த துப்பாக்கி, தேவைப்படும் நொடிக்குச் சற்று முன்பு வெறும் இரும்பாகிவிடுகிறது. அந்தப் பையும் சிறிது நேரத்தில் தங்கள் தீவீசியிலிருந்தே நெருப்புப் பட்டு வெடிக்கிறது. இரண்டு பேர் கட்டளையை மீறி மறைத்து வைத்த தோட்டாக்களைத் தவிர அதிகம் மிஞ்சுவதில்லை.

இதைவிட முக்கியமானது, அந்தத் தாக்குதலை நாம் எங்கிருந்து பார்க்கிறோம் என்பது. கவச வண்டிக்குள் ரிப்ளி உட்கார்ந்திருக்கிறாள். எதிரே வீரர்களின் தலைக்கவசக் கேமராக்கள் அனுப்பும் சிறு சிறு திரைகள். படம் ஆடுகிறது, மங்குகிறது, ஒன்றன்பின் ஒன்றாகப் புள்ளி மழையாகிறது. என்ன நடக்கிறது என்பது அவளுக்குத் தெரியும், உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியவில்லை, தளபதி கோர்மனோ வாயடைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறார். பார்வையாளர் திரையரங்கில் எந்த நிலையில் இருக்கிறாரோ, அதே நிலையில்தான் ரிப்ளியும் இருக்கிறாள்: பார்க்க முடிகிறது, தடுக்க முடியவில்லை. அதனால்தான் அவள் எழுந்து வண்டியின் சக்கரத்தைத் தன் கையில் எடுக்கும்போது நமக்கு மூச்சு வருகிறது. யாருக்கு என்ன தெரியும் என்று நான் திரும்பத் திரும்பக் கேட்பது சலிப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், இன்னும் இரண்டு முறை கேட்பேன்.

இப்போது அந்தக் கூரைக் காட்சிக்கு வருவோம். மின்சாரம் துண்டிக்கப்பட்டு, தப்பிப் பிழைத்தவர்கள் பதுங்கியிருக்கும் அறை முழுவதும் சிவப்பு அவசர விளக்கு. கதவுகளை உள்ளிருந்தே பற்றவைத்து அடைத்துவிட்டார்கள். வீரன் ஹட்சன் கையில் இருக்கும் அசைவுமானி, நெருங்குவது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை மீட்டர் கணக்கில் காட்டுகிறது. சத்தம் வேகமெடுக்க எடுக்க எண் குறைகிறது. ஒரு கட்டத்தில் அந்த எண் கதவு இருக்கும் தூரத்தைவிடக் குறைந்துவிடுகிறது. அப்படியென்றால் அவை அறைக்குள் இருக்க வேண்டும். ஆனால் அறைக்குள் ஒன்றும் இல்லை. கருவியைச் சரியாகப் படிக்கவில்லை என்று அவனைக் கடிந்துகொள்கிறார்கள், அவனோ எண்ணைத் திரும்பத் திரும்பச் சொல்கிறான். ரிப்ளியின் பார்வை மெல்ல மேலே போகிறது. இன்னொரு வீரன் ஹிக்ஸ் ஏறி நின்று கூரைத் தகடு ஒன்றை நகர்த்தி, விளக்கைப் பிடித்துத் திரும்பிப் பார்க்கிறான். சத்தமில்லாமல், தலைகீழாக, வரிசையாக அவை ஊர்ந்து வருகின்றன.

பயம் போய்விட்டது என்று எழுதிய நேயர், தகடு உடைந்து துப்பாக்கி முழங்கத் தொடங்கிய நொடியிலிருந்து காட்சியை நினைவில் வைத்திருக்கிறார். கண்ணை மூடிக்கொண்ட நேயர் அதற்கு முந்தைய இரண்டு நிமிடங்களை நினைவில் வைத்திருக்கிறார். இருவர் சொல்வதும் சரி. முந்தைய பகுதியில் எண் தெரிகிறது, இடம் தெரியவில்லை, அது திகில். இடம் தெரிந்துவிட்ட பிறகு நடப்பது சண்டை. ஒரே காட்சி நம் கண்முன்னே ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாறுகிறது. இந்தப் படத்தைப் பற்றிப் பார்வையாளர்களிடையே இத்தனை ஆண்டுகளாகத் தீராமல் இருக்கும் வாதத்துக்கு வேர் இந்த மாற்றம்தான்.

இன்னும் நம்பிக்கை வராதவர்கள் மருத்துவ அறைக் காட்சியை மறுபடி பாருங்கள். முகம் கவ்வும் பூச்சிகள் இரண்டே இரண்டு, கையளவு உயிர்கள். ரிப்ளியும், குடியிருப்பில் தப்பிப் பிழைத்திருந்த சிறுமி நியூட்டும் தூங்கி எழும்போது கண்ணாடிக் கலங்கள் கவிழ்ந்து கிடக்கின்றன. துப்பாக்கி கண்ணாடிச் சுவருக்கு வெளியே, கண்ணுக்குத் தெரிகிற மேசைமீது இருக்கிறது. ரிப்ளி கேமராவை நோக்கிக் கையசைக்கிறாள். மறுமுனையில், உடன் வந்திருக்கும் நிறுவனத்து ஆளான பர்க் அந்தத் திரையை ஓசைப்படாமல் அணைத்துவிடுகிறான், பக்கத்தில் இருக்கும் வீரர்களுக்கு அது தெரியவில்லை. படத்தின் மிக மோசமான வன்முறை என்று எனக்குத் தோன்றுவது அந்த ஒரு பொத்தான்தான். கடைசியில் ரிப்ளி தீயெச்சரிக்கையைத் தூண்டித்தான் அவர்களை வரவழைக்க வேண்டியிருக்கிறது.

நேயரின் குறையில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. விலங்குகள் மலிவாகச் சாகின்றன என்பது உண்மை. படப்பிடிப்பில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில உடைகளையே வைத்துக்கொண்டு, வெட்டும் ஒளியாலும் படத்தொகுப்பாலும் பெருங்கூட்டமாகக் காட்டிய திறமையைப் பாராட்டலாம். ஆனால் எண்ணிக்கை கூடும்போது மதிப்பு குறைவதை எந்தத் திறமையாலும் தடுக்க முடியாது. அரசி விலங்கைப் பற்றியும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. முதல் படத்திலிருந்து வெட்டப்பட்டு 2003-இல் மீண்டும் சேர்க்கப்பட்ட காட்சியில், மனித உடலே மெல்ல முட்டையாக மாறிக்கொண்டிருக்கும். நினைத்தாலே உடல் கூசும். கேமரூன் அதற்குப் பதிலாக அரசி, முட்டை, காவலர் என்று எறும்புப் புற்றின் ஒழுங்கைக் கொடுத்துவிட்டார். புரிந்துகொள்ள முடிகிற ஒன்றிடம் பயம் ஒரு படி இறங்கத்தான் செய்யும். விலங்கு உருவங்களைச் செய்த ஸ்டான் வின்ஸ்டன் குழுவினர் ஏறத்தாழ 14 அடி உயரத்தில் அந்த அரசியைக் கட்டி, உள்ளே இரண்டு பேரை வைத்து, நீரியல் விசையாலும் கம்பிகளாலும் அசைத்தார்கள் என்பதை அறிந்த பிறகு குறைசொல்ல வாய் வருவதில்லை என்பது வேறு விஷயம்.

பயத்தைப் பற்றிப் பேசும்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. நியூட்டாக நடித்த கேரி ஹென், காற்றுக் குழாயில் சறுக்கி விழும் காட்சியை வேண்டுமென்றே சொதப்பினாராம். அந்தச் சறுக்கல் அவருக்கு அவ்வளவு பிடித்துப்போய்விட்டது. சரியாக நடித்து முடித்தால் பிறகு எத்தனை முறை வேண்டுமானாலும் சறுக்கலாம் என்று ஆசை காட்டித்தான் காட்சியை எடுத்து முடித்தார்கள். நாம் பதறிப்போய் இருக்கையின் விளிம்பில் உட்கார்ந்திருக்கும் இடம், அந்தக் குழந்தைக்கு விளையாட்டுத் திடல். அவருக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது!

படம் வெளிவந்த நாளிலேயே கருத்துகள் இப்படித்தான் பிளந்திருந்தன. விமர்சகர் ரோஜர் ஈபர்ட் நான்கில் மூன்றரை நட்சத்திரம் கொடுத்தார். ஆனால் இடைவிடாத பதற்றத்தால் வயிறு முறுக்கிக்கொண்டு வெளியே வந்ததாகவும், அந்த அனுபவத்தை மகிழ்ச்சி என்று சொல்ல முடியவில்லை என்றும் எழுதினார். பாராட்டும் ஒவ்வாமையும் ஒரே கட்டுரையில் இருந்தன. ஆஸ்கர் ஏழு பரிந்துரைகளைத் தந்து, காட்சி விளைவுக்கும் ஒலி விளைவுத் தொகுப்புக்கும் விருது கொடுத்தது. பரிந்துரைகளில் ஒன்று, இந்த வகைப் படங்களுக்கு அரிதான சிறந்த நடிகை. ரிப்ளியாக நடித்த சிகோர்னி வீவர் அதற்கு முழுத் தகுதி உடையவர்.

உண்மையைச் சொன்னால், நேயர் கேட்டிருக்க வேண்டியது வேறு கேள்வி: எந்த வடிவத்தைப் பார்த்தீர்கள்? திரையரங்கில் வந்தது 137 நிமிடம். 1990-களின் தொடக்கத்தில் வீட்டுத் திரைக்கு வந்த சிறப்புப் பதிப்பு 154 நிமிடம். கருத்து வேறுபாட்டில் பாதி, ஒருவர் ஒன்றையும் இன்னொருவர் மற்றொன்றையும் பார்த்துவிட்டுப் பேசுவதால் வருவது என்பது என் எண்ணம்.

சிறப்புப் பதிப்பில், படையினர் வருவதற்கு முன்பே குடியிருப்பைக் காட்டிவிடுகிறார்கள். மக்கள் நடமாடுகிறார்கள், குழந்தைகள் ஓடுகிறார்கள், நியூட்டின் தந்தை முகத்தில் பூச்சியோடு கிடக்கிறார். இதைப் பார்த்துவிட்டால், பிறகு வீரர்களோடு அந்த ஆளற்ற கூடத்துக்குள் நுழைந்து, அமிலம் அரித்த தரையையும் அடைக்கப்பட்ட வழிகளையும் பார்க்கும்போது நாம் எதையும் ஊகிக்க வேண்டியதில்லை. யாருக்கு என்ன தெரியும் என்ற கணக்கில் நம் பக்கம் கூடிவிடுகிறது, பயம் குறைந்துவிடுகிறது. அதே பதிப்பில் தானியங்கித் துப்பாக்கிகளின் காட்சியும் உண்டு. அங்கே நாம் பெரும்பாலும் பார்ப்பது திரையில் சரசரவென்று குறையும் தோட்டா எண்ணிக்கையை மட்டுமே. அதை ஏன் வெட்டினார்கள் என்று எனக்கு இன்றும் ஆற்றாமைதான்.

மகளின் காட்சியை வெட்டியது இன்னும் பெரிய இழப்பு. பதினோராவது பிறந்தநாளுக்கு வந்துவிடுவேன் என்று மகளிடம் சொல்லிவிட்டுப் போன ரிப்ளி, அந்த மகள் 66 வயதில் இறந்துவிட்டாள் என்ற செய்தியோடு ஒரு மூதாட்டியின் படத்தைக் காண்கிறாள். அந்தப் படத்தில் இருப்பவர் வீவரின் சொந்தத் தாயார் எலிசபெத் இங்கிலிஸ். தாயின் முகத்தை மகளின் முகமாகப் பார்த்து நடிக்க வேண்டியிருந்தது. நியூட்டை மீட்க ரிப்ளி தனியாக மறுபடியும் அந்தக் கூட்டுக்குள் இறங்குவதற்கான காரணம் இந்த ஒரு நிமிடத்தில் இருக்கிறது.

ஆகவே, பயம் போய்விட்டது என்று எழுதிய நண்பரே, நீங்கள் பார்த்தது நீண்ட பதிப்பாக இருந்தால் 137 நிமிட வடிவத்தை ஒருமுறை பாருங்கள். முதன்முறை பார்க்கப்போகிறவர்களும் அதிலிருந்தே தொடங்குங்கள். மகளின் காட்சியையும் துப்பாக்கிகளின் காட்சியையும் பின்னர் தனியாக எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். நியூட்டையும் ஹிக்ஸையும் தொடக்கத்திலேயே கொன்றுவிட்ட 1992-ஆம் ஆண்டின் மூன்றாம் படத்தைப் பற்றியும் நிறையக் கோபக் கடிதங்கள் வந்திருக்கின்றன. அவற்றை அடுத்த காணொளியில் எடுத்துக்கொள்கிறேன்.