முடிவுரையை எழுதிவிட்டுக் களத்துக்குப் போவது

நண்பர்களே, வணக்கம்.

வட்டார வளர்ச்சி பற்றி மாணவர்கள் எழுதும் கள ஆய்வு அறிக்கைகளைப் படித்துப் படித்து எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. பெரும்பாலானவர்கள் முடிவுரையை வகுப்பறையிலேயே எழுதிவிட்டு, படம் எடுக்க மட்டும் களத்துக்குப் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. நாம் அனுப்புவதே அப்படித்தான். "இந்தத் திட்டத்தால் இந்தப் பகுதி எவ்வாறு வளர்ந்தது என ஆராய்க" என்று தலைப்புக் கொடுக்கிறோம். பகுதி வளர்ந்தது என்பதையும், திட்டத்தால்தான் வளர்ந்தது என்பதையும் நாமே சொல்லிவிட்டோம். அப்புறம் மாணவருக்கு மிச்சம் என்ன வேலை?

ஸ்பெயினின் பில்பாவோ நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கப்பல் கட்டும் தளங்களும் இரும்பாலைகளும் நொடித்துப்போன ஊர், 1997இல் ஃபிராங்க் கெரி வடிவமைத்த குகன்ஹைம் அருங்காட்சியகம் திறந்தது, ஊர் பிழைத்துக்கொண்டது. இதுதான் எல்லோரும் சொல்லும் கதை. அதற்கு முன்னால் அங்கே என்னவெல்லாம் நடந்தது என்று கேட்கத் தொடங்கினால் கதை அவிழ ஆரம்பிக்கும். மெட்ரோ ரயில் 1995லேயே ஓடத் தொடங்கிவிட்டது. ஆற்றில் கழிவு கலப்பதைத் தடுக்கும் வேலை 1980களிலேயே நடந்துகொண்டிருந்தது. பழைய ஆலைகளும் துறைமுகமும் விட்டுப்போன நிலத்தைச் சீரமைக்க, 1992இல் பில்பாவோ ரியா 2000 என்ற பொது நிறுவனத்தை அமைத்தார்கள். இதற்கெல்லாம் பணம்? பில்பாவோ இருக்கும் பாஸ்க் பகுதி தன் வரிகளைத் தானே வசூலித்துக்கொள்ளும் ஏற்பாடு 1981இல் மீண்டும் நடைமுறைக்கு வந்திருந்தது. அந்த அதிகாரம் இல்லாத ஒரு நகரம் அருங்காட்சியகத்தை மட்டும் கட்டினால் அதே பலன் கிடைக்குமா? இந்தக் கேள்வி வரை வந்துவிட்ட மாணவரை நம்பிக் களத்துக்கு அனுப்பலாம்.

ஆகவே, கிளம்புவதற்கு முன் ஒன்றையொன்று மறுக்கும் இரண்டு விளக்கங்களை எழுதி வாங்கிவிடுங்கள். ஒரு தொழிற்பேட்டையால் சுற்றுவட்டாரம் பிழைக்கிறது என்பது ஒரு விளக்கம். வேலைக்கு ஆள் வெளியிலிருந்து வருகிறது, உள்ளூருக்குக் கிடைத்தது நில விலை ஏற்றம் மட்டுமே என்பது இன்னொன்று. மேலாளரின் அறையில் உட்கார்ந்து கேட்டால் முதல் விளக்கம்தான் கிடைக்கும். ஷிப்ட் முடியும் நேரத்தில் வெளிவாசலில் நிற்கச் சொல்லுங்கள். காத்திருக்கும் பேருந்துகளின் பலகையில் எந்த ஊர்ப் பெயர் இருக்கிறது? எத்தனை பேர் நடந்தோ சைக்கிளிலோ போகிறார்கள்? எத்தனை பேர் ஒப்பந்தக்காரரின் வேனில் ஏறுகிறார்கள்? அந்த வேன் எங்கே போய் நிற்கிறது? பெண்கள் எந்த ஷிப்டில் வருகிறார்கள்? ஒரு மணி நேரம் இதைப் பார்த்து எண்ணியவர், மறுநாள் மேலாளரிடம் கேட்கும் கேள்விகளே வேறாக இருக்கும்.

குறிப்பேட்டில் கோடு போட்டு மூன்று பத்தி பிரிக்கச் சொல்லுங்கள்: கண்டது, கேட்டது, நான் ஊகித்தது. "மக்கள் இப்போது வசதியாக இருக்கிறார்கள்" என்ற வாக்கியம் எந்தப் பத்தியில் போகும் என்று கேட்டால் வகுப்பே சிறிது நேரம் முழிக்கும். கேட்டது என்றால் யார் சொன்னது, அவருக்கு அதில் என்ன ஆதாயம் என்பதும் கூடவே வர வேண்டும்.

எங்கே போகிறோம் என்பது அடுத்த சிக்கல். ஊரக வளர்ச்சி ஆய்வாளர் ராபர்ட் சேம்பர்ஸ் 1983லேயே இதைப் புட்டுப்புட்டு வைத்தார். வெளியிலிருந்து வருபவர்கள் தார்ச்சாலை ஓரத்தைப் பார்க்கிறார்கள். திட்டம் நடக்கும் இடத்தைப் பார்க்கிறார்கள். மழை ஓய்ந்து சாலை காய்ந்த பிறகு வருகிறார்கள். வசதியுள்ளவர்களையும் ஆண்களையும் சந்தித்துவிட்டுத் திரும்புகிறார்கள். வறுமை கடுமையாக இருக்கும் மாதங்களில் அங்கே யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. நம் கல்விச் சுற்றுலாப் பேருந்து எங்கெங்கே நிற்கிறது என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள், நான் விளக்க வேண்டியதில்லை. திட்டம் எட்டாத பக்கத்து ஊருக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள். அங்கேயும் அதே அளவு மாற்றம் நடந்திருந்தால், திட்டத்துக்குத் தரும் பாராட்டைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இதெல்லாம் புதிதல்ல. 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், தன் மாணவர்களைக் கையில் வினாநிரலோடு கிராமங்களுக்கு அனுப்பினார். அவர்கள் எழுதியவை 1918இல் நூலாக வந்தன. இருவேல்பட்டு அவற்றில் ஒரு கிராமம். 1930களிலும் 1980களிலும் 2008லும் வேறு வேறு ஆய்வாளர்கள் அதே ஊருக்குத் திரும்பிப் போனார்கள். நிலம் யார் கையில், கூலி எவ்வளவு என்று முதலில் போனவர்கள் எழுதிவைத்திருந்ததால்தான் ஒப்பிட முடிந்தது.

நம் துறை அலமாரிகளிலும் பழைய அறிக்கைகள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. அடுத்த ஆண்டு புதுத் தலைப்புத் தேடுவதற்கு முன் அவற்றில் ஒன்றைத் தூசி தட்டி எடுத்து, அதே தெருவுக்கு ஒரு குழுவை அனுப்புங்கள். பலவற்றில் யாரிடம் கேட்டது, எந்தத் தேதியில் கேட்டது என்பதே இருக்காது. அவற்றை ஒதுக்கிவிட்டு, தேறுவதில் தொடங்கலாம். சரி, இனி உங்கள் கேள்விகளுக்கு வருவோம்.