ஒருக்கா கை தட்டிப் பாருங்கோ

வணக்கம். வீட்டில ஸ்பீக்கர எங்க, எப்பிடி வைக்கிறதெண்டு கதைக்கத் தொடங்க முதல் ஒருக்கா கை தட்டிறன், வடிவாக் கேளுங்கோ. (கை தட்டல்) கேட்டுதே, தட்டின சத்தம் தட்டின இடத்திலயே நிண்டுட்டுது, ஏனெண்டா இந்த ஸ்டூடியோச் சுவர் முழுக்க மெத்தை மாதிரி அடிச்சுக் கிடக்கு. இப்ப நீங்க இருக்கிற ஹோல்ல அதே மாதிரி ஒருக்கா தட்டுங்கோ. கொழும்பில வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கத்து ஃப்ளாட் எண்டா 'டிர்ர்ர்' எண்டு ஒரு நடுக்கம் பின்னால இழுபட்டு வரும். கீழ டைல், மேல கொங்கிரீட், ரெண்டு பக்கமும் வெறும் சுவர், சத்தம் போக இடமில்லாம அங்கயும் இஞ்சயும் அடிபட்டுக்கொண்டு நிக்கும். நீங்க எவ்வளவு காசு குடுத்து ஸ்பீக்கர் வாங்கினாலும் அது இந்த நடுக்கத்தோடதான் பாடப்போகுது.

நான் 20 வருஷத்துக்கு மேல கொழும்பில வீடு வீடாப் போய் செட் பூட்டிக் குடுக்கிறன். போற இடமெல்லாம் சனம் கேக்கிற கேள்வி ஒண்டுதான், "தம்பி, இத மாத்தி வேற நல்லதா எடுப்பமா?" பத்தில எட்டு வீட்டில நான் ஒண்டையும் மாத்த விட்டதில்ல. இருக்கிறத எடுத்து வேற இடத்தில வச்சு, வயர ஒழுங்காப் பூட்டி, காதுயரத்துக்கு ஏத்தி விட்டாலே காணும், அத வச்சு ரெண்டு கிழமை கேட்டுட்டு பிறகு சொல்லுங்கோ எண்டுதான் சொல்லிறனான்.

சின்ன ஸ்பீக்கரெண்டா சின்னச் சத்தம் எண்டு ஒரு நினைப்பும் எங்கட ஆக்களிட்ட இருக்கு. முந்தி அது உண்மைதான், அடிச்சத்தம், அந்தத் தடிச்ச பேஸ், வேணுமெண்டா அலுமாரி அளவில பெட்டி வேணும். 1954ல அமெரிக்காவில எட்கர் வில்ச்சர் எண்ட மனுசன் பெட்டிய காத்துப் போகாம இறுக்கி மூடி, உள்ளுக்க அடைபட்ட காத்தையே ஸ்பிரிங் மாதிரி வேலை செய்ய வச்சார், அதோட பெட்டி புத்தகத் தட்டில வைக்கிற அளவுக்குச் சுருங்கிட்டுது. பிறகு 1970களில பிபிசிக்காரர் வெளிக்கள ஒலிபரப்பு வேனுக்குள்ள வைக்கவெண்டு எல்எஸ் 3/5ஏ எண்டு ஒண்டு செய்தினம், ஒரு அடி உயரம்தான் இருக்கும், மனுசக் குரல் அதில அவ்வளவு இயல்பா வந்ததால வானொலிக்குச் செய்தது வீட்டுக்கு வந்து இண்டைக்கும் ஆக்கள் தேடி வாங்கினம். புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர் எண்டு பேர் வந்தது அதின்ர அளவப் பாத்து. அதுக்காகப் புத்தகத் தட்டுக்குள்ள அடைச்சு வைக்காதேங்கோ.

ஏனெண்டா, சத்தம் செக்கனுக்கு ஏறக்குறைய 350 மீட்டர் ஓடும். 100 ஹேர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு 100 தரம் அதிர்ற, அடிச்சத்தத்தின்ர ஒரு அலை மூண்டரை மீட்டர் நீளம், உங்கட ஹோல் அளவு. ஒரு அடிப் பெட்டி அந்த அலைய மறிக்கேலாது, அது பெட்டியச் சுத்திப் பின்னால போய் சுவரில பட்டுத் திரும்பி வந்து முன்னால வாறதோட சேரும். சுவரோட ஒட்டி வச்சா அடிச்சத்தம் அளவுக்கு மிஞ்சிக் கேக்கும், மூலைக்குள்ள வச்சா இன்னும் மோசம், செய்தி வாசிக்கிறவர் குடத்துக்குள்ள இருந்து வாசிக்கிற மாதிரி இருக்கும். அதால பின்சுவரில இருந்து ஒரு அடி, இடமிருந்தா ரெண்டு அடி முன்னுக்கு இழுங்கோ. பின்னால ஓட்டை இருக்கிற ஸ்பீக்கரெண்டா இது இன்னும் முக்கியம், இழுக்கவே இடமில்லையெண்டா அந்த ஓட்டைக்குள்ள ஒரு துண்டு ஸ்பொஞ்ச உருட்டி வையுங்கோ, குமுறல் அடங்கும். ரெண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில எவ்வளவு தூரமோ, ஒவ்வொண்டில இருந்தும் உங்கட கதிரைக்கு அவ்வளவு தூரம், ஏழடியெண்டா ஏழடி.

வெள்ளவத்தையில கடல் பக்க ஒழுங்கையொண்டில ஒரு டீச்சரம்மா இருக்கிறா, பென்ஷன் எடுத்துக் கனகாலம். மகன் வெளிநாட்டில இருந்து வந்து நிண்ட நேரம் ஒரு சோடி ஸ்பீக்கர் வாங்கி அவசரத்தில பூட்டிட்டுப் போயிட்டான், ஒண்டு ஷோகேசுக்கு மேல, மற்றது சோஃபாவுக்குப் பின்னால. நான் போனவுடன அவ சொன்ன முதல் கதை, "தம்பி, மிருதங்கத்தில வலந்தலை கேக்குது, தொப்பி கேக்குதில்ல, என்ட காதுதான் போயிட்டுதோ தெரியேல்ல." வலந்தலை எண்டா மிருதங்கத்தின்ர வலப்பக்கம், மேல்சத்தம்; தொப்பி இடப்பக்கம், அடிச்சத்தம். அந்த ஒரு வசனத்திலயே எனக்கு விளங்கிட்டுது. பெட்டியத் திருப்பிப் பாத்தன். வயர் கண்ணாடி மாதிரி உள்ளுக்குத் தெரியிற வயர், ரெண்டு பக்கமும் ஒரே நிறம், ஒரு பக்கத்தில மட்டும் மெல்லிசா ஒரு கோடு ஓடுது, கண்ணுக்குத் தெரியாது, நகத்தால தடவினாத்தான் பிடிபடும். அந்தக் கோட்டுப் பக்கம் அம்பில, ஸ்பீக்கருக்குச் சத்தம் அனுப்பிற அம்ப்ளிஃபயரில, சிவப்பு முனையில இருக்கு, ஷோகேஸ் ஸ்பீக்கரில வந்து கறுப்பில ஏறியிருக்கு. அப்பிடியெண்டா ஒரு ஸ்பீக்கர் முன்னுக்குத் தள்ளேக்க மற்றது உள்ளுக்கு இழுக்கும். ஒண்டு தள்ளின காத்த மற்றது விழுங்கும். நீள அலையான அடிச்சத்தம்தான் அதில கூடுதலாச் சாகும், மேல்சத்தத்தின்ர அலை சில சென்ரிமீட்டர்தான் எண்டதால அது தப்பிடும். அதுதான் வலந்தலை கேட்டது, தொப்பி கேக்கேல்ல. அம்ப ஓஃப் பண்ணி, ரெண்டு முனையையும் மாத்திப் பூட்டி, ரெண்டு பெட்டியையும் முன்னுக்குக் கொண்டுவந்து ஸ்டூலில வச்சுப் போட்டன். அவ கண்ண மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்கேல்ல. பிறகு ரெண்டு பெட்டிக்கும் நடுவில இருந்த வெறும் சுவரக் காட்டி, "மிருதங்கக்காரர் அந்தா இருக்கிறார்" எண்டா. காது போயிட்டுதெண்டு அந்த மனுசி எத்தின மாசம் தனிய இருந்து யோசிச்சிருப்பா சொல்லுங்கோ.

அதால வயர் விஷயத்தில அவசரப்படாதேங்கோ. சிவப்பு சிவப்புக்கு, கறுப்பு கறுப்புக்கு, ரெண்டு ஸ்பீக்கரிலயும். சந்தேகமெண்டா அம்பில இருந்து வயரக் கழட்டிப்போட்டு ஒரு ஒன்றரை வோல்ட் டோர்ச் பட்டறிய அந்த முனையில ஒரு செக்கன் தொட்டுப் பாருங்கோ, பட்டறியின்ர பிளஸ் சிவப்புக்குப் போனா கோன், ஸ்பீக்கரில ஆடுற அந்தப் புனல், வெளியால தள்ளும், உள்ளுக்குப் போனா மாறிக் கிடக்கு. வயருக்குப் பெரிய காசு செலவழிக்கத் தேவையில்ல. ஒன்றரை சதுர எம்எம் செப்பு ப்ளெக்ஸ் வயரில அஞ்சு மீட்டர் ஓடினா போக வர எல்லாம் சேத்து 0.12 ஓம் அளவுதான் தடை, எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒண்டுமேயில்ல. ஆனா புறக்கோட்டையில வாங்கேக்க ஒரு இழைய ப்ளேட்டால சுரண்டிப் பாருங்கோ, உள்ளுக்க வெள்ளையாத் தெரிஞ்சா அது அலுமினியத்துக்கு மேல செப்புப் பூசினது, அத விடுங்கோ. முனைய ஒரு சென்ரிமீட்டர் அளவு சீவி, இழையெல்லாத்தையும் ஒரு பக்கமா இறுக்க முறுக்கிப் பூட்டுங்கோ. மயிர் மாதிரி ஒரு இழை தப்பி மற்ற முனையில முட்டினா அம்பே போயிடும், நான் கண்ட எரிஞ்ச அம்புகளில கனக்க அந்த ஒரு இழையாலதான். கடலுக்குக் கிட்ட இருக்கிற ஆக்களுக்கு இன்னொண்டு, உப்புக்காத்துக்கு செப்பு முதல்ல கறுக்கும், பிறகு பச்சை பூக்கும், ஒரு பக்கம் விட்டு விட்டுக் கேக்கத் தொடங்கும். வருஷத்தில ஒருக்கா முனைய ஒரு இஞ்ச் வெட்டி எறிஞ்சிட்டுப் புதுசாச் சீவிப் பூட்டுங்கோ, அதுக்கெண்டு கொஞ்சம் கூடவே வயர் விட்டு வையுங்கோ.

ஸ்டாண்ட். நீங்க வழமையா இருக்கிற கதிரையில இருங்கோ, நிலத்தில இருந்து காது மட்டும் ஒரு ஆளை அளக்கச் சொல்லுங்கோ. 36 இஞ்ச் எண்டு வையுங்கோ. ஸ்பீக்கரின்ர அடியில இருந்து அந்தச் சின்னக் கோன், ட்வீட்டர், 11 இஞ்ச்ல இருந்தா 25 இஞ்ச் ஸ்டாண்ட் வேணும், அவ்வளவுதான் கணக்கு. பிரம்புக் கதிரைக்கும் தாழ்ந்த சோஃபாவுக்கும் நாலு இஞ்ச் வித்தியாசம் வரும், அதால கதிரைய முடிவெடுத்திட்டு ஸ்டாண்ட் செய்யுங்கோ. மரத்தில வேணுமெண்டா மொரட்டுவையில அளவு குடுத்தா வடிவாச் செய்து தருவினம். எனக்கு விருப்பம் கிறில் வேலை செய்யிற வெல்டிங் கடையில மூண்டு இஞ்ச் பொக்ஸ் பாரில செய்யிறது, கீழ ஒரு அடிக்கு ஒரு அடி பாரமான தகடு, நடுக் குழாய்க்குள்ள மணல். மணல் நிரப்பினா தட்டேக்க 'டாங்' எண்டு மணி அடிக்கிற இரும்பு 'டக்' எண்டு செத்த சத்தம் போடும், அதுதான் எங்களுக்கு வேணும். ஆத்து மணலக் கழுவி, ரெண்டு நாள் நல்ல வெயிலில காயப் போட்டு நிரப்புங்கோ. கடற்கரையில அள்ளிக்கொண்டு வராதேங்கோ, உப்பு ஈரத்த இழுத்து உள்ளுக்க இருந்தே இரும்பத் தின்னும். மேல ஸ்பீக்கர் வழுக்காம நாலு மூலையிலயும் கடலை அளவு புளூ டாக், அந்த ஒட்டிற களிமண் மாதிரிச் சாமான். குழந்தையள் ஓடித் திரியிற வீடெண்டா அடித்தகட்ட இன்னும் அகலமாப் போடுங்கோ, சத்தத்த விட அது முக்கியம்.

அந்த நடுக்கத்துக்கு வருவம். நீங்க கதிரையில இருக்க, வீட்டில ஒராள் முகம் பாக்கிற கண்ணாடியப் பக்கச் சுவரோட பிடிச்சு மெல்ல நகத்திக்கொண்டு போகட்டும். எந்த இடத்தில கண்ணாடிக்குள்ள ட்வீட்டர் தெரியுதோ அங்கதான் சத்தம் பட்டுத் தெறிச்சு உங்களிட்ட வருது. அந்த இடத்தில ஒரு புத்தக அலுமாரியோ மடிப்பு மடிப்பாத் தடிச்ச கேட்டினோ வந்தாக் காணும். நிலத்தில, கதிரைக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில ஒரு தடிச்ச கார்ப்பெட். பாய் போட்டாச் சரியோ எண்டு கேப்பினம், பாய் மெல்லிசு, பெரிசா ஒண்டும் செய்யாது.

இப்ப கடைசியா ஒண்டு. என்ட குரல் உங்கட ரெண்டு ஸ்பீக்கரிலயும் ஒரே மாதிரித்தான் வருது. ரெண்டுக்கும் சரி நடுவில போய் இருந்து கேளுங்கோ, நான் எங்க இருந்து கதைக்கிறன்? நடுவில, ஒண்டுமில்லாத இடத்தில இருந்து எண்டா உங்கட வயர் சரி. ஒரு பக்கம் சரிஞ்சு கேட்டா அந்தப் பக்க ஸ்பீக்கர் கிட்ட நிக்குது, கொஞ்சம் தள்ளுங்கோ. எங்கயிருந்தெண்டே பிடிபடாம தலைக்குள்ள சுத்துற மாதிரி இருந்தா ஒரு வயர் மாறிக் கிடக்கு. எனக்குப் பிறகு தாளவாத்தியக்காரர் மட்டும் வாசிக்கிற ஒரு தனி ஆவர்த்தனம் போடப்போகினமாம். நான் இறங்கிற இந்த இடைவெளிக்குள்ள எழும்பி, அம்ப ஓஃப் பண்ணி, பின்னால போய் அந்தச் சிவப்பையும் கறுப்பையும் ஒருக்காப் பாத்திட்டு வந்து இருங்கோ. வணக்கம்.