ஒன்றரை மீட்டர் என்றால் எந்த அலை?

நேயர்களுக்கு வணக்கம்.

வானொலியில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றதும் என் தம்பி சிரித்தான். "இத்தனை வருஷம் ஊர்க் குழாயில கத்தினது போதாதா அக்கா?" என்றான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. புதுச்சேரிக்குத் தெற்கே ஒரு மீனவ கிராமம் எங்களுடையது. அங்கே தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒலிபெருக்கிக் குழாயில் அலை உயரமும் காற்றின் வேகமும் வாசித்தவள் நான். இப்போது குழாய் துருப்பிடித்துக் கிடக்கிறது. அதே வேலையைக் கைப்பேசியில் குரல் பதிவாகச் செய்கிறேன். ஒன்றரை நிமிடம்தான். அதற்கு மேல் பேசினால் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். இன்றைக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். அதனால் கொஞ்சம் அதிகமாகவே பேசிவிடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் குழாய் யோசனை எங்கள் ஊரில் பிறந்ததில்லை. அது புதுச்சேரியின் இன்னொரு மீனவ ஊரான வீராம்பட்டினத்துக்காரர்கள் காட்டிய வழி. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்கள் தொடங்கியது. விவசாயக் கிராமத்தில் உரம், விதை, நெல் விலை என்று கேட்டார்கள். வீராம்பட்டினத்தில் கேட்டது நாளைக்குக் கடல் எப்படி என்று. அலை உயரக் கணிப்பு அப்போது அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் இருந்தது. அதை இறக்கி, தமிழில் எழுதி, கடற்கரைக் குழாயில் வாசித்தார்கள். யாரோ போர்க்கப்பலுக்காகப் போட்ட கணக்கு நம் கட்டுமரத்துக்கு உதவியது. சில வருடம் கழித்து எங்கள் ஊரிலும் ஒரு கம்பத்தில் குழாய் கட்டினார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டுச் சும்மா இருந்த என்னை மைக் முன்னால் உட்கார வைத்தார்கள்.

முதல் மாதம் எனக்கு ஒரே பெருமை. "நாளை காலை அலை உயரம் ஒன்றரை மீட்டர்" என்று செய்தி வாசிப்பவர் மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொல்வேன். ஒருநாள் வாசித்துவிட்டு வெளியே வருகிறேன், கம்பத்தடியில் ஒரு தாத்தா வலை பின்னிக்கொண்டிருந்தார். காலின் கட்டை விரலில் நூலை மாட்டி இழுத்துப் பிடித்தபடி, தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"ஏ பாப்பா, ஒன்றரை மீட்டர்னியே, அது எந்த அலை?"

"எந்த அலைன்னா? அலைதான் தாத்தா."

"நூறு அலை வருது. சின்னது வருது, நடுவாந்திரமா வருது, தூக்கி அடிக்கிறது வருது. இதுல எது ஒன்றரை?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பெரியதுதான் என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். சொல்லியிருந்தால் அது தப்பு. நல்லவேளை வாய் வரவில்லை.

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு இரண்டு வாரம் அலைந்தேன். மையத்துக்கு வந்த ஒரு கடலியல் மாணவர்தான் கடைசியில் விளக்கினார். நூறு அலைகளைப் பள்ளிக்கூடப் பிரார்த்தனைக் கூட்டத்தில் நிறுத்துவது மாதிரி உயர வரிசையில் நிறுத்திக்கொள்ளுங்கள். அதில் உயரமான மூன்றில் ஒரு பங்கை, அதாவது முப்பத்து மூன்றை, தனியாகப் பிரியுங்கள். அந்த முப்பத்து மூன்றின் சராசரி உயரம்தான் அறிவிப்பில் வரும் ஒன்றரை. அப்படியென்றால் மிச்சம் அறுபத்தேழு அதைவிடச் சிறியவை. சரி. ஆனால் உயரமான முப்பத்து மூன்றிலேயே சில, ஒன்றரையைவிடப் பெரியவை. ஆறு விநாடிக்கு ஒரு அலை என்று வைத்தால் மூன்று மணி நேரத்தில் 1,800 அலை படகுக்கு அடியில் போகும். அத்தனை அலையில் ஒன்றாவது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு உயரத்தில் வரும் என்பதுதான் கணக்கு. திரும்பச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்: ஒன்றரை மீட்டர் என்று அறிவித்தால், விடிவதற்குள் ஒரு தடவை மூன்று மீட்டரை ஒட்டி ஒன்றை எதிர்பார்க்க வேண்டும்.

ஓடிப்போய்த் தாத்தாவிடம் சொன்னேன். "அதைச் சொல்லு குழாயில," என்றார். "அந்த ஒண்ணுக்குத்தான் நாங்க முழிச்சிட்டு உட்கார்ந்திருக்கோம்."

இந்த மூன்றில் ஒரு பங்கு அளவைக் கொண்டுவந்தவர் வால்டர் மங்க் என்ற அமெரிக்கக் கடல் விஞ்ஞானி. இரண்டாம் உலகப் போரில் படைகளைக் கரையில் இறக்குவதற்காக அலையைக் கணிக்கும் வேலை அவருக்கு. பழகிய மாலுமி கடலைப் பார்த்து "இத்தனை உயரம்" என்று சொன்னால், அது எல்லா அலைக்குமான சராசரியாக இருக்காது. கண் பெரிய அலைகளைத்தான் கணக்கில் எடுக்கும். அதற்குப் பொருந்தி வந்த அளவு இது. இதையும் தாத்தாவிடம் சொன்னேன். "அவரு வலை இழுத்திருக்காரா?" என்று மட்டும் கேட்டார்.

அன்றிலிருந்து என் அறிவிப்பு மாறிவிட்டது. "ஒன்றரை, இடையில் மூன்று வரை" என்பேன். "இடையில்" என்றதும் ஞாபகம் வருகிறது. இந்த வானொலியில் நீங்கள் அடிக்கடி கேட்கும் வாக்கியம்தான்: மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் சூறைக்காற்று வீசக்கூடும். கரையில் இருப்பவர்கள் 45ஐயும் 55ஐயும் கவனிக்கிறார்கள். பைபர் படகில் இருப்பவனைக் கவிழ்ப்பது அந்த "இடையிடையே". அதை வாசிக்கும்போது நான் கொஞ்சம் குரலை உயர்த்துவேன். அறிவிப்பாளர் தம்பிகளும் தங்கைகளும் கேட்டுக்கொண்டிருந்தால் நீங்களும் உயர்த்துங்களேன்.

அப்புறம், நான் செய்த ஒரு தப்பையும் சொல்லிவிட வேண்டும். கணிப்பு வரும் படங்களில் நேரம் நம் நேரமாக இருக்காது. உலகம் முழுவதற்கும் பொதுவான நேரம் போட்டிருப்பார்கள். நாம் அதோடு ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். படத்தில் 12 என்று இருந்தால் நமக்கு மாலை ஐந்தரை. ஒருநாள் காற்று பலக்கும் நேரத்தை நான் பகல் 12 என்று வாசித்துவிட்டேன். காலையில் போனவர்கள் அடித்துப் பிடித்துப் பதினொன்றுக்கே கரை திரும்பினார்கள். பன்னிரண்டு ஆயிற்று, ஒன்று ஆயிற்று, காற்றே இல்லை. கடல் எண்ணெய் மாதிரி கிடந்தது. "பாப்பா சொன்னது போயிடுச்சு" என்று நாலைந்து படகு மறுபடி இறங்கியது. ஐந்தரைக்குக் கச்சான், அதாவது மேற்குக் காற்று, வந்தது. ஒரு பைபர் கரைக்குப் பக்கத்தில் அலை உடையும் இடத்தில் கவிழ்ந்தது. ஆள் எல்லாம் நீந்தி வந்துவிட்டார்கள். வலை போய்விட்டது, எஞ்சினில் தண்ணீர் ஏறிவிட்டது. பஞ்சாயத்தில் என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வீட்டு அம்மா மட்டும் ஒரு வாரம் எனக்கு மீன் கொடுக்கவில்லை. கூடையைத் துணியால் மூடிக்கொண்டு எங்கள் வாசலைத் தாண்டிப் போவார். "கூட்டு 5.30" என்று சுண்ணாம்புக்கட்டியால் மையத்துச் சுவரில் எழுதி வைத்தேன். சுவருக்கு வெள்ளையடித்த பிறகும் மறுபடி எழுதினேன்.

நேரத்தைப் போலத்தான் திசையும். "வடகிழக்குக் காற்று" என்று வாசித்தால் பெரியவர்கள் "வாடையா, கொண்டலா?" என்று கேட்பார்கள். வாடை வடக்கிலிருந்து, கொண்டல் கிழக்கிலிருந்து, கச்சான் மேற்கிலிருந்து, சோழகம் தெற்குப் பக்கமிருந்து. ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். அவர்கள் சொல்லில் சொன்னால் பாய்க்கு எந்தப் பக்கம், நீரோட்டம் எப்படி இழுக்கும் என்று அந்த நிமிடமே மனதில் ஓடிவிடும். எங்கள் ஊரில் யாரும் பாகை கேட்டதில்லை.

இப்போது நான் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். என் தம்பி, "ஆரம்பிச்சிட்டா" என்பான். போ, போகாதே என்று சொல்வது என் வேலை இல்லை. கடல் எப்படி இருக்கும் என்று சொல்வதுதான் என் வேலை. எத்தனை மணிக்கு, எந்தத் திசையில், எவ்வளவு, இடையிடையே எவ்வளவு. வெறுமனே "கடலுக்குச் செல்ல வேண்டாம்" என்று பத்து நாள் சொல்லி, எட்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை என்றால், பதினோராம் நாள் யார் கேட்பார்கள்? டீசல் கடன் காத்திருக்கிறது, வீட்டில் அடுப்பு காத்திருக்கிறது. புயல் வருகிறது, அரசாங்கம் தடை போட்டுவிட்டது என்றால் அது வேறு. அப்போது நானும் கத்துவேன். மற்ற நாளில் விவரத்தைக் கொடுத்துவிட்டால் முடிவு அவர்கள் எடுப்பார்கள். முப்பது வருடம் கடலில் இருந்தவரிடம் நான் போகாதே என்று எதை வைத்துச் சொல்வது?

துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுகிறார்களே, அதுவும் இப்படி விவரம் சொல்லும் ஏற்பாடுதான். அதன் மூதாதை இங்கிலாந்தில் இருக்கிறது. ராபர்ட் ஃபிட்ஸ்ராய் என்ற கப்பல் தளபதி, டார்வினை ஏற்றிக்கொண்டு போன பீகிள் கப்பலின் கேப்டன். 1859இல் ஒரு புயலில் ராயல் சார்ட்டர் என்ற கப்பல் உடைந்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். அதன் பிறகு 1861இல் அவர் தந்தி மூலம் துறைமுகங்களுக்கு எச்சரிக்கை அனுப்ப ஆரம்பித்தார். அதற்கு அடையாளமாகக் கரையில் கூம்பும் உருளையும் ஏற்றினார்கள். அவர் இறந்த மறு வருடம் அதை நிறுத்திவிட்டார்கள், விஞ்ஞானம் போதாது என்று. கடலோடிகள் விடவில்லை. 1867இல் மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று.

நம் கூண்டு 1 முதல் 11 வரை. ஒன்றும் இரண்டும் தொலைவில் இருப்பதற்கு. மூன்றும் நான்கும் துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரலாம் என்பதற்கு. அதற்கு மேலே அபாயம், பெரும் அபாயம். பத்துக்கு மேல் பதினொன்று என்னவென்று கேட்டால் பலரும் "இன்னும் பெரிய புயல்" என்பார்கள். அது தப்பு. பதினொன்று என்றால் வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது என்று பொருள். மோசமான வானிலை வரக்கூடும், ஆனால் இனி தகவல் வராது.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது எனக்கு அந்தப் பதினொன்றுதான் ஞாபகத்துக்கு வந்தது. 29ஆம் தேதி இலங்கைக்குப் பக்கத்தில் தாழ்வு மண்டலம், 30ஆம் தேதி காலையிலேயே குமரிக்கடலில் புயல். ஒரே நாளில். குமரி மாவட்டத்துத் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கத்து ஆழ்கடல் படகுகள் வாரக்கணக்கில் கடலிலேயே தங்கித் தொழில் செய்பவை. எச்சரிக்கை கரையில் ஒலித்தது, படகோ லட்சத்தீவுப் பக்கம். கைப்பேசிக் கோபுரம் எட்டாது. வயர்லெஸ் சில பத்துக் கிலோமீட்டர்தான் போகும். ஒரு படகு கேட்டு அடுத்த படகுக்குச் சொல்லி, அது அதற்கடுத்ததற்குச் சொல்லி... நடுவில் ஒரு படகு இல்லையென்றால் சங்கிலி அங்கேயே நின்றுவிடும். நிறைய வீடுகளில் இன்னும் படத்துக்கு விளக்கு எரிகிறது. அதைப் பற்றி நான் அதிகம் பேசப் போவதில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடமாம். நான் இன்னும் மூன்று விஷயம் எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்று, 2019இல் ஹைதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் நிறுவனமான இன்காய்ஸ் ஜெமினி என்ற கருவியைக் கொண்டுவந்தது. செயற்கைக்கோள் வழியாக வரும் அறிவிப்பு, கோபுரம் எட்டாத கடலிலும் கைப்பேசித் திரையில் தெரியும். தகவல் ஒரு பக்கம்தான் போகும், படகிலிருந்து திரும்பப் பேச முடியாது. இரண்டு, கள்ளக்கடல். காற்றே இல்லாமல், தெற்கே எங்கோ வீசிய புயலின் அலை நாலைந்து நாள் பயணம் செய்து நம் கரையில் ஏறுவது. வானம் தெளிவாக இருக்கிறதே என்று குழந்தைகளைக் கரையில் விடாதீர்கள், குமரிப் பக்கம் இருப்பவர்கள் முக்கியமாக.

மூன்றாவதுக்குத்தான் நான் நிறைய நேரம் வைத்திருந்தேன். கரை திரும்பியதும் என்னிடம் சொல்லிவிட்டுப் போங்கள். நான் சொன்னது சரியா, எத்தனை மணிக்குக் காற்று மாறியது, எந்த ஆழத்தில். ஆறு வருடமாக அதை நோட்டில் எழுதுகிறேன். ஐப்பசியில் கணிப்பு சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே எங்கள் கரையில் வாடை எழும்பிய நாட்கள் அதில் நிறைய இருக்கின்றன. அந்த மாதத்தில் நான் நேரத்தை முன்னாலேயே தள்ளிச் சொல்வேன். நோட்டைக் கொண்டுவந்திருக்கிறேன், பிரிக்க நேரமில்லை.

ஒரு விரல் காட்டுகிறார்கள். நாளைக்கான கணக்கை நான் இன்னும் பார்க்கவில்லை. பேருந்தில்தான் பார்க்க வேண்டும். நேயர்களுக்கு நன்றி, வணக்கம்.