பெயர்ப்பலகை மாறிய சேனல்

நேயர்களுக்கு வணக்கம்.

இரண்டு பெயர்களைச் சொல்கிறேன், கேளுங்கள். சைஃபை. சைஃபை. என்ன வித்தியாசம்? வானொலியில் ஒன்றும் தெரியாது. தமிழில் எழுதிப் பார்த்தாலும் தெரியாது. ஆங்கிலத்தில் எழுதினால்தான் பிடிபடும். முதல் பெயர் எஸ்-சி-ஐ, எஃப்-ஐ. இரண்டாவது எஸ்-ஒய்-எஃப்-ஒய். காதுக்கு எட்டாத இந்த எழுத்து மாற்றத்துக்காக அமெரிக்காவில் ஒரு சேனலின் ரசிகர்கள் 2009-லிருந்து புலம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

கேரளத்தின் பாலக்காட்டு எல்லையில், கொழிஞ்சாம்பாறையிலும் கோபாலபுரத்திலும் மீனாட்சிபுரத்திலும் டிவி பார்க்கிற நமக்கு அந்தப் புலம்பலில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நம் வீட்டு செட்டாப் பாக்ஸிலும் இதே கூத்து நடக்கிறது. நமக்கு இழப்பு வேறு இடத்தில் வருகிறது, அவ்வளவுதான். அதற்கு முன் அமெரிக்கக் கதை கொஞ்சம்.

அறிவியல் புனைகதைக்கென்றே அந்தச் சேனல் 1992 செப்டம்பர் 24 அன்று தொடங்கியது. விண்கலம், ரோபோ, வேற்றுக்கிரகம், காலப்பயணம், இதற்கெல்லாம் ஒரு நிரந்தர முகவரி. 2009 மார்ச்சில் பெயர் மாறப்போகிறது என்று அறிவித்தார்கள். ஜூலை 7 அன்று மாற்றியும் விட்டார்கள். சொன்ன காரணங்களில் முதலாவது வணிக முத்திரை. 'சை-ஃபை' என்பது அறிவியல் புனைகதையைக் குறிக்கும் பொதுச்சொல். 'பலசரக்குக் கடை' என்ற சொல்லைப் பதிவுசெய்து ஒருவர் தன் சொத்தாக்கிக்கொள்ள முடியாது அல்லவா, அதே கணக்கு. ஒய் போட்டு எழுதிவிட்டால் அது அவர்களுடைய சொத்து. விளையாட்டு, பொம்மை, வலைத்தளம் என்று எதன்மேல் வேண்டுமானாலும் ஒட்டலாம். இரண்டாவது காரணம், பழைய பெயர் வேலி போடுகிறது, மாயாஜாலம், அமானுஷ்யம், ரியாலிட்டி என்று எல்லாவற்றுக்கும் இடம் வேண்டும் என்பது. போலந்து மொழியில் 'சிஃப்' என்றால் அழுக்கு, கொச்சையில் பால்வினை நோய். அதனால் அந்த நாட்டில் பழைய எழுத்தையே வைத்துக்கொண்டார்கள். புதுப்பெயர் சூட்டுகிறவர்கள் நாலு மொழி அகராதியைப் புரட்டிவிட்டுச் சூட்டினால் நல்லது.

ரசிகர்களின் குற்றச்சாட்டு நியாயமானது. ஆனால் அவர்கள் சொல்லும் தேதிதான் தப்பு. பெயர் மாறியதும் சேனல் கெட்டுப்போனது என்கிறார்கள். வரிசையைப் பாருங்கள். பேய் தேடும் ரியாலிட்டி நிகழ்ச்சி வந்தது 2004-ல். மல்யுத்தம் உள்ளே நுழைந்தது 2006 ஜூனில். விண்வெளி நாடகமான 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா' முடிந்தது 2009 மார்ச்சில், பெயர் மாற்றம் அறிவித்த அதே மாதம். அதற்குப் பிறகுதான் பலகை மாறியது. 2010 அக்டோபர் 1 முதல் 'ஸ்மாக்டவுன்' மல்யுத்தம் வெள்ளிக்கிழமை இரவைப் பிடித்தது. அந்த வருஷம் முடிவதற்குள் 'ஸ்டார்கேட் யூனிவர்ஸ்' தொடரை நிறுத்தும் அறிவிப்பும் வந்தது. சரக்கு மாறத் தொடங்கி ஐந்து வருஷம் கழித்துத்தான் பலகை மாறியிருக்கிறது. 2009-ல் கோபப்பட்டவர்கள் 2004-லேயே கோபப்பட்டிருக்க வேண்டும்.

சரக்கு ஏன் மாறுகிறது? விண்வெளி நாடகத்துக்கு அரங்கம் போட வேண்டும், கிராஃபிக்ஸ் செய்ய வேண்டும், எழுத்தாளர் குழுவுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். ஒரு வாரம் தவறவிட்டவருக்கு அடுத்த வாரம் கதை புரியாது. அவர் திரும்ப வர மாட்டார். மல்யுத்தத்தில் அந்தத் தொல்லை இல்லை. எந்த வாரம் உட்கார்ந்தாலும் புரியும், வாரம் தவறாமல் கூட்டம் வரும். பேய் தேடுகிற நிகழ்ச்சிக்கு இருட்டில் படம் பிடிக்கும் கேமராவும் ஒரு பழைய வீடும் போதும். விளம்பரக் கணக்கு பார்க்கிற மேலாளருக்கு இதில் குழப்பமே இல்லை.

இனி நம் பக்கம் வருவோம். ஜெட்டிக்ஸ் ஞாபகம் இருக்கிறதா? சாகசக் கார்ட்டூன் சேனல். 2009 நவம்பரில் அது டிஸ்னி எக்ஸ்டி ஆனது. 2019 ஜனவரியில் மார்வெல் ஹெச்க்யூ. 2022 மார்ச்சில் சூப்பர் ஹங்காமா. பதின்மூன்று வருஷத்துக்குள் நாலு பெயர். இன்னொன்று அனிமேக்ஸ்: 2004 ஜூலையில் அனிமே எனும் ஜப்பானியக் கார்ட்டூனுக்கென்றே வந்து, நடுவில் அனிமே அல்லாத நிகழ்ச்சிகளைக் கலந்து, 2017 ஏப்ரல் 18-ல் மூடி, அந்த இடத்தில் சோனி யே என்ற குழந்தைகள் சேனல் வந்தது. அனிமே ரசிகர்களுக்கு அது பெரிய அடி. வேடிக்கை என்னவென்றால், தமிழ்ப் பேச்சு இல்லாத சேனல் போய்த் தமிழ்ப் பேச்சு உள்ள சேனல் வந்தது. ஒரே மாற்றத்தில் ஒரு வீட்டின் அண்ணனுக்கு நஷ்டம், தங்கைக்கு லாபம்.

அந்தத் தமிழ்ப் பேச்சுதான் நமக்கு முக்கியம். பள்ளியில் மலையாளம் படிக்கிற பிள்ளைக்கு, வீட்டுக்கு வெளியே திருத்தமான தமிழ் காதில் விழும் இடங்கள் குறைவு. டப்பிங் கார்ட்டூனும் டப்பிங் அறிவியல் நிகழ்ச்சியும் அவற்றில் சேரும். அமெரிக்க ரசிகர் பெயரைப் பார்த்துக் கோபப்படுகிறார். நம் பக்கத்தில் பெயர் மாறுகிற நாளில் கவனிக்க வேண்டியது ஒலித்தடம்.

அது எப்படித் தொலைகிறது என்று சொல்கிறேன். பல மொழிச் சேனல் என்றால் படம் ஒன்றுதான். அதனுடன் இந்தி, தமிழ், தெலுங்கு, ஆங்கிலம் என்று தனித்தனி ஒலித்தடங்கள் செயற்கைக்கோளிலிருந்து இறங்கும். கேபிள் நிறுவனத்தின் ஹெட்எண்டில், அதாவது சேனல்களை வாங்கி வீடுகளுக்கு அனுப்பும் மையத்தில், அவற்றில் எதை அனுப்புவது என்று ஒருவர் தேர்ந்தெடுத்துப் பதிகிறார். கேபிளில் ஓர் அலைவெண்ணில் பொதுவாக விநாடிக்கு 38 மெகாபிட் அளவுக்குத்தான் இடம். ஒரு ஒலித்தடம் 128 கிலோபிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது சேனலுக்குத் தலா மூன்று கூடுதல் தடம் அனுப்பினால் 7,680 கிலோபிட், அதாவது ஏழரை மெகாபிட்டுக்கு மேல். அந்த இடத்தில் நாலு சாதாரணச் சேனலை நுழைக்கலாம். பெயர் மாறும் நாளில் சேனலைப் புதிதாகப் பதியும்போது, 'இது கேரளா, தமிழ் எதற்கு' என்று ஒரு பெட்டியில் டிக் போடாமல் விட்டாலும் போதும், நமக்குத் தமிழ் போய்விடும். வேண்டுமென்றே செய்தாலும் மறதியாகச் செய்தாலும் விளைவு ஒன்றுதான்.

எனவே தமிழ் காணோம் என்றால் உடனே சேனல்காரரைத் திட்டாதீர்கள். ரிமோட்டில் ஆடியோ அல்லது லேங் என்று இருக்கும் பொத்தானை அழுத்துங்கள். வரும் பட்டியலில் டி-ஏ-எம் என்று இருந்தால் தமிழ் வந்துகொண்டுதான் இருக்கிறது. பெட்டி இந்தியை முதலாக எடுத்துக்கொண்டது, மாற்றிக்கொள்ளலாம். சில சமயம் ஹெச்-ஐ-என் என்றே இரண்டு முறை காட்டும், இல்லையென்றால் யு-என்-டி என்று காட்டும். யு-என்-டி என்றால் மொழி குறிக்கப்படவில்லை என்று பொருள். பெயர்ச்சீட்டு தப்பாக ஒட்டிய டப்பா மாதிரி; திறந்து பார்த்தால் உள்ளே தமிழ் இருக்கலாம். ஒவ்வொன்றையும் பத்து விநாடி கேட்டுப் பாருங்கள். இரண்டு மொழியும் ஒன்றாகக் கலந்து கேட்டால், இடது ஸ்பீக்கரில் ஒன்று, வலதில் ஒன்று என்று அனுப்புகிறார்கள்; எல்-ஆர் பொத்தானை அழுத்தினால் பிரியும்.

பட்டியலில் தமிழே இல்லையா? டிஷ் வைத்திருக்கும் பக்கத்து வீட்டில் அதே சேனலைப் போடச் சொல்லுங்கள். அங்கே தமிழ் வந்தால் சேனல் அனுப்புகிறது, உங்கள் கேபிளில்தான் விடுபட்டிருக்கிறது. இரண்டு வெவ்வேறு டிஷ் நிறுவனங்களின் இணைப்பிலும் வரவில்லை என்றால் சேனலே தமிழை நிறுத்தியிருக்க வாய்ப்பு அதிகம். இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிஷம் ஆகும். இது இல்லாமல் போன் செய்தால் கேபிள்காரர் 'சேனல்லயே வரல' என்பார், நமக்குப் பதில் இருக்காது.

புதுப்பெயர் வந்த சேனல் பெட்டியில் தெரியவே இல்லை, அல்லது பழைய பெயரே நிற்கிறது என்றால் மெனுவில் ஆட்டோ சர்ச் மட்டும் செய்யுங்கள். ஃபேக்டரி ரீசெட் வேண்டாம். கேபிள்காரர் முதலில் பதிந்து கொடுத்த தொடக்க அலைவெண் அதில் அழிந்துபோகலாம். அழிந்தால் ஒரு சேனல்கூட வராது. முன்னெச்சரிக்கையாக அந்த அலைவெண்ணையும், பக்கத்தில் காட்டும் சிம்பல் ரேட்டையும் ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்கு அடியில் ஒட்டிவையுங்கள். சிம்பல் ரேட் பெரும்பாலும் 6875. தேடல் முடிந்ததும் ஃபேவரிட் பட்டியலில் பழைய சேனல் செத்துக் கிடக்கலாம், புதிதாகச் சேர்க்க வேண்டியிருக்கும்.

சேனல் எண் மாறுவது இன்னொரு தலைவலி. இதற்கு டிராய், அதாவது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி இருக்கிறது, 2017-ல் வந்தது. ஒவ்வொரு சேனலும் தன் வகையை அறிவிக்க வேண்டும். பக்தி, பொதுப் பொழுதுபோக்கு, தகவல், குழந்தைகள், திரைப்படம், இசை, செய்தி, விளையாட்டு, இதர வகை: மொத்தம் ஒன்பது. அறிவியல் புனைகதைக்கும் அனிமேக்கும் இந்தப் பட்டியலில் இடமே இல்லை! ஒரே வகைச் சேனல்கள் அடுத்தடுத்து வர வேண்டும், அதற்குள் ஒரே மொழிச் சேனல்கள் சேர்ந்து வர வேண்டும். கொடுத்த எண்ணை ஒரு வருஷத்துக்கு மாற்றக் கூடாது. ஆனால் சேனல் தன் வகையை மாற்றி அறிவித்தால் எண் மாறியே ஆக வேண்டும். அதனால் பெயர் மாற்றத்தோடு எண்ணும் இடம்பெயர்ந்தால் கேபிள்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது: 'வகை மாறிடுச்சா?' இல்லை என்றால் எண் ஏன் மாறியது என்று அவர் சொல்லியாக வேண்டும்.

புகார் என்றால் தெருவில் வயர் இழுக்கும் தம்பியிடம் சொல்வது புகார் ஆகாது. நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணில் கூப்பிட்டு, சேனல் பெயர், எண், தேதி, எந்த ஒலித்தடம் இல்லை என்று சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். அந்தத் தொலைபேசி எண் 999-ம் சேனலில் இருக்க வேண்டும். சிக்னலே இல்லை என்ற புகாருக்கு 24 மணி நேரம், பில் தகராறுக்கு 7 நாள், மற்றவற்றுக்கு 72 மணி நேரம் கெடு. தீரவில்லை என்றால் அதே நிறுவனத்தின் நோடல் அதிகாரி. டிராய்க்கு நேரே எழுதினால் அவர்கள் தனிநபர் புகாரைத் தீர்ப்பதில்லை, நிறுவனத்துக்கு அனுப்பிவைப்பார்கள்.

நிகழ்ச்சிகளின் தரம் போய்விட்டது, பழைய தொடரை நிறுத்திவிட்டார்கள் என்பதற்கு இந்த வழி எதுவும் உதவாது. அது சேனலின் விருப்பம். 'தி எக்ஸ்பான்ஸ்' தொடரை சைஃபை 2018 மே மாதம் கைவிட்டபோது ரசிகர்கள் அமேசான் ஸ்டுடியோவுக்கு மேலே விமானத்தில் பதாகை பறக்கவிட்டார்கள். தொடர் அமேசானுக்குப் போய்ப் பிழைத்தது. கவனியுங்கள், கைவிட்ட சேனலிடம் கெஞ்சவில்லை. வாங்கக்கூடியவர் வாசலுக்குப் போனார்கள். ஒரு தொடரை அப்படிக் காப்பாற்றினார்கள். சேனலின் பெயர் மட்டும் இன்றுவரை ஒய் போட்டுத்தான் இருக்கிறது.

நமக்கு இன்னொரு சங்கடம் உண்டு. பார்வையாளர் கணக்கெடுப்பு மீட்டர் வைத்த வீடுகளில் மட்டும்தான் நடக்கிறது. நாடு முழுக்க அப்படிப்பட்டவை ஐம்பதாயிரத்துச் சொச்சம். நம் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் மீட்டர் உள்ள வீட்டில் தமிழில் பார்த்தாலும் அது கேரளக் கணக்கில் சேரும். தமிழ் ஒலித்தடத்துக்கு விளம்பரம் கொடுப்பவர் பார்ப்பதோ தமிழ்நாடு-புதுச்சேரி கணக்கை. எல்லைக்கு இந்தப்பக்கம் இருக்கிற நம் கண்ணும் காதும் அந்தத் தாளில் ஏறாது. ஏறுவது ரீசார்ஜ் மட்டும். பேக்காக எடுத்தால் அதிலுள்ள எல்லாச் சேனலுக்கும் பணம் போகும், எது பிடிக்கவில்லை என்பது யாருக்கும் தெரியாது. கட்டணச் சேனலைத் தனியாகத் தேர்ந்தெடுக்கும் உரிமை 2019 பிப்ரவரியிலிருந்து இருக்கிறது. உங்கள் பேக்கின் விலையையும், உண்மையில் பார்க்கிற ஆறேழு சேனல்களின் தனி விலையைக் கூட்டிய தொகையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சில வீடுகளில் பேக்தான் மலிவாக இருக்கும், அப்போது விட்டுவிடுங்கள்.

ஒரு சேனல் கைநழுவுகிறதா என்று முன்கூட்டியே தெரிய வேண்டுமா? இரவு ஏழு முதல் பதினொன்று வரை, ஏழு நாள். மொத்தம் 28 மணி நேரம். அதில் அந்தச் சேனலின் சொந்த வகை எத்தனை மணி, அதில் புது நிகழ்ச்சி எத்தனை, மறு ஒளிபரப்பு எத்தனை, தமிழ் ஒலித்தடம் உள்ளவை எத்தனை என்று குறித்துவையுங்கள். மூன்று மாதம் கழித்து அதே போல் இன்னொரு வாரம். பிள்ளைகளிடம் கொடுத்தால் பள்ளி நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு கிழித்து எழுதிவிடுவார்கள். எழுதும்போது விளம்பர இடைவேளையில் அந்த ஆடியோ பொத்தானையும் ஒருதரம் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.