எச்சம் என்றால் இளக்காரமா?

தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, பொன்னாடை போர்த்திய நகர்மன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, மைக் செட் உபயம் செய்த அன்பர் அவர்களே, அனைவருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன கூட்டத்தில் ஒருவரை விட்டுவிட்டேன். அவர் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

சிறு துரும்பும் பல் குத்த உதவும். எந்த மேடை ஏறினாலும் நான் இதைச் சொல்லாமல் இறங்கியதில்லை. இன்றைய துரும்பு, பறவை எச்சம். மூன்று விஷயம் சொல்லப்போகிறேன்: தொல்பழங்கால எச்சத்தை எப்படி அடையாளம் காண்பது, அது என்ன சொல்கிறது, அதன் வயதை எப்படிக் கணக்கிடுவது.

பறவை தனியாகச் சிறுநீர் கழிப்பதில்லை. உடம்பின் கழிவு யூரிக் அமிலமாக, வெள்ளைக் களிம்பாக, மலத்தோடு சேர்ந்தே விழும். நம் சட்டையில் விழுகிற வெள்ளை அதுதான். ஆனால் பாறையில் வெள்ளையாகத் தெரிவதெல்லாம் எச்சம் அல்ல. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மலைக்குப் போனேன். பாறை இடுக்கில் நெல்லிக்காய் அளவில் ஒரு வெள்ளைக் கட்டி. ஆதிமனிதன் காலத்துக் கழுகுதான் என்று முடிவுகட்டி, சாப்பாட்டு டப்பாவில் போட்டுக் கொண்டுவந்தேன். அலமாரியில் ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் பஞ்சு சுற்றி வைத்தேன். "என்னங்க அது?" என்றாள் மனைவி. "ஐயாயிரம் வருஷத்துக் கழுகு எச்சம்" என்றேன். அன்று ராத்திரி சோறு கிடைத்தது, ஊறுகாய் கிடைக்கவில்லை. மறுநாள் தெரிந்த வேதியியல் ஆசிரியரிடம் ஓடினேன். ஒரு சொட்டு அமிலம் விட்டார். சர்ரென்று நுரைத்தது. "சார், இது சுண்ணாம்பு. யாரோ வெற்றிலை போட்டுவிட்டு மிச்சத்தை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்" என்றார். இதை மனைவியிடம் இன்றுவரை சொல்லவில்லை. முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

சரி, நியூசிலாந்துக்கு வருவோம். மனிதன் கால்வைக்கும்வரை, கடல் பிராணிகளை விட்டால், அங்கே இருந்த பாலூட்டி வௌவால் மட்டும்தான். ஆகவே உலர்ந்த பாறைக்குடைவில் 15 செ.மீ. நீளத்துக்குப் பழைய சாணம் கிடந்தால், சந்தேகம் முதலில் மோவா மேல்தான் விழும். இறக்கையே இல்லாத பறவை அது. ஒன்பது இனங்கள், பெரியது 200 கிலோவைத் தாண்டும். அந்த நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளின் முன்னோர் 13ஆம் நூற்றாண்டு வாக்கில் வந்திறங்கினார்கள். சுமார் 200 ஆண்டுக்குள் மோவா பூண்டோடு போயிற்று. மிச்சம் எலும்பும் எச்சமும்.

அந்த எச்சத்தில் டி.என்.ஏ. எடுத்து எந்த மோவா போட்டது என்று சொல்லிவிடுகிறார்கள். விதையையும் மகரந்தத்தையும் நுண்ணோக்கியில் பார்த்தால் சாப்பாட்டுப் பட்டியல் வந்துவிடும். அவ்வளவு பெரிய பறவை மரக்கிளையைத்தான் மேய்ந்திருக்கும் என்று பார்த்தால், முழங்கால் உயரம்கூட வளராத சிறுசெடிகளின் விதைகள் நிறைய இருந்தன! ககபோ என்ற பறக்காத கிளியின் பழைய எச்சத்தில், வேரில் ஒட்டி வாழும் ஓர் அரிய செடியின் மகரந்தம் அகப்பட்டது. இன்று அதற்கு மகரந்தம் சேர்ப்பது வௌவால். ஒரு காலத்தில் கிளியும் அந்த வேலையைச் செய்திருக்கலாம் என்று அப்போதுதான் தோன்றியது. சிறு துரும்பு!

வயதுக் கணக்குக்கு நேரமில்லை, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒன்று மட்டும்: கிரீன்லாந்தில் ஒரு பாறை விளிம்பில் வல்லூறுகள் கூடு கட்டி வந்தது சுமார் 2,500 ஆண்டுகளாக. அங்கே படிந்த எச்சத்தில், காலப்போக்கில் சிதைந்து குறையும் கதிரியக்கக் கார்பன் எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடித்தார்கள். இடம் பிடித்துப்போனால் பறவை தலைமுறை தலைமுறையாக வரும்.

நம் குளத்தங்கரைப் புளியமரத்துக்கும் கொக்கு அப்படித்தான் வருகிறது. வண்டி மேல் எச்சம் விழுகிறது, மரத்தை வெட்டு என்கிறார்கள். வேடந்தாங்கல்காரர்கள் பட்டாசுகூட வெடிக்காமல் பறவையைக் காப்பாற்றுவது ஏன்? எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். வண்டியை நாலடி தள்ளி நிறுத்த நமக்கு வலிக்கிறதா?

உறுப்பினர் அம்மா இங்கேயே இருப்பது நல்லதாகப் போயிற்று. மரத்தை வெட்டாதீர்கள் என்ற மனு மேடைக்கு இடப்பக்கம் இருக்கிறது. பேனா இல்லாதவர்கள் செயலாளரிடம் கேளுங்கள், இரண்டு வைத்திருக்கிறார். முதல் கையெழுத்து அம்மா போடட்டும்.