சிரிப்பு வரும்போதுதான் பயமும் வருகிறது

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். சூப்பர்ஹீரோ காமிக்ஸில் நகைச்சுவை வில்லனின் பயங்கரத்தைக் கூட்டுகிறதா, குறைக்கிறதா? கூட்டுகிறது என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தோழி பேட்மேனின் வில்லன் ஜோக்கரைக் காட்டினார். ஐம்பதுகளில் அவன் வெறும் குறும்புக்காரனாகத் தேய்ந்துபோனான், நகைச்சுவைதான் அவனைக் கெடுத்தது என்றார். தேய்ந்தது உண்மை. ஆனால் காரணம் வேறு. 1940-இல் பேட்மேன் முதல் இதழில் வந்தபோதே அவன் இளித்த வாயோடுதான் வந்தான். இன்னார் நள்ளிரவில் சாவார் என்று வானொலியில் அறிவிப்பான். சொன்னபடியே அவர் இளித்த முகத்தோடு பிணமாகக் கிடப்பார். பிறகு பதிப்பகமே அவன் கொலைகளை நிறுத்தியது. 1954-இல் காமிக்ஸ் கோட் என்ற தணிக்கை விதிமுறை வந்து இன்னும் இறுக்கிப் பிடித்தது. சரி, அப்போது கதையிலிருந்து எடுக்கப்பட்டது எது? கொலை. சிரிப்பு அங்கேயேதான் இருந்தது. உப்பை எடுத்துவிட்டுப் புளிமேல் பழி போடலாமா?

ஸ்பைடர்மேனின் கிண்டல் வில்லன்களைச் சின்னவர்களாக்குகிறது என்றும் சொன்னார்கள். அது நாயகனின் நகைச்சுவை. அதே கதையில் வரும் வில்லன் கிரீன் காப்ளினைப் பாருங்கள். பச்சை முகமூடி, கையில் பூசணிக்காய் வெடிகுண்டு, பார்த்தால் மாறுவேடப் போட்டிக்கு வந்தவன் மாதிரி இருப்பான். 1973-இல் ஸ்பைடர்மேனின் காதலி க்வென் ஸ்டேசியைப் பாலத்தின் உச்சியிலிருந்து தள்ளியவன் அவன்தான்.

என் முக்கியச் சாட்சி 1978-இல் வந்த ஒரு ஜோக்கர் கதை. ஸ்டீவ் எங்கல்ஹார்ட் எழுத, மார்ஷல் ரோஜர்ஸ் வரைந்தது. கடல் மீன்களின் முகமெல்லாம் ஜோக்கரின் இளிப்போடு மாறிவிடுகிறது. அவன் காப்புரிமை அலுவலகத்துக்குப் போய், என் முகம் உள்ள மீன், விற்கிற ஒவ்வொன்றுக்கும் எனக்குப் பங்கு வேண்டும் என்று கேட்கிறான். முதல்முறை படித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். மீனுக்கெல்லாம் உரிமை தர முடியாது என்று அங்கிருந்த ஊழியர் சொல்கிறார். யாரும் சொல்லக்கூடிய பதில்தானே? அதற்காகவே அவரைக் கொல்லப் போவதாக அறிவிக்கிறான். பேட்மேன் பக்கத்தில் காவல் நின்றும் அவர் சாகிறார்.

அவன் கோரிக்கை பணத்தாசையாக இருந்திருந்தால் பணத்தைக் கொடுத்துத் தப்பியிருக்கலாம். பகையாக இருந்திருந்தால் சமாதானம் பேசியிருக்கலாம். இது வேடிக்கை, வேடிக்கைக்காகக் கொல்கிறவனிடம் எதைச் சொல்லிக் கெஞ்சுவது? அந்தப் பக்கத்துக்கு வந்ததும் என் சிரிப்பு நின்றுவிட்டது. மீன் கட்டத்துக்கு மறுபடி திரும்பிப் போனேன், அப்போதும் சிரிப்பு வரவில்லை.

நன்றி, வணக்கம்.