செவ்வரத்தை பூக்கவில்லையா? புரட்டாதியில் வெட்டுங்கள்

வணக்கம் உறவுகளே. கிளிநொச்சியில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் நின்று பேசுகிறேன். எனக்குப் பின்னால் நிற்பதுதான் எங்கள் செவ்வரத்தை. தமிழ்நாட்டில் செம்பருத்தி என்பார்கள். "மரம் நல்லாத்தான் நிக்குது, பூவைத்தான் காணேல்லை" என்று என்னிடம் கேட்காத ஆள் இல்லை. எங்கள் மரமும் அப்படித்தான் நின்றது.

2010இல் முகாமில் இருந்து திரும்பி வந்தபோது இந்த வளவில் வீடும் இல்லை, வேலியும் இல்லை. கிணற்றுக்கட்டுக்குப் பக்கத்தில், பற்றைக்குள், அப்பம்மா நட்ட செவ்வரத்தையின் அடிக்கட்டை மட்டும் நாலைந்து துளிர் விட்டுக்கொண்டு நின்றது. அம்மா அதைப் பிடித்துக்கொண்டு அழுதது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. அதற்குப் பிறகு அதில் கத்தி வைக்க எங்களில் யாருக்கு மனம் வரும்? அது பாட்டுக்கு வளர்ந்தது. கூரைக்கு மேலே போய், நுனியில் மட்டும் இரண்டு பூ. அம்மா பூசைக்குப் பூ ஆய்வதற்குக் கதிரை போட்டு ஏறுவார்.

சரி, ஏன் அப்படி? கமராவைக் கிட்டக் கொண்டு வருகிறேன், பாருங்கள். இந்தச் சாம்பல் நிறத் தடி பழையது. இதில் ஒரு மொட்டும் இல்லை. இதே தடியின் நுனியில் பச்சையாக ஒரு முழம் போயிருக்கிறதே, அது புதுத்தளிர். ஒவ்வொரு இலை இடுக்கிலும் ஒரு மொட்டு. செவ்வரத்தை புதுத்தளிரில்தான் பூக்கும். வெட்டினால்தான் பக்கத்தில் இருந்து புதுத்தளிர் வரும்.

எப்போது வெட்டுவது என்பதுதான் வன்னியில் முக்கியம். சோளகம் வீசுகிற ஆனி, ஆடியில் தொட வேண்டாம். அந்த வெயிலுக்கும் காற்றுக்கும் வெட்டின இடம் காய்ந்து, தடி கீழ்நோக்கிப் பட்டுக்கொண்டே போகும். ஐப்பசி மழைக்கு முன்னால், புரட்டாதியில் வெட்டுங்கள். மழைக்குத் தளிர் எழும்பும், மார்கழியில் திருவெம்பாவைப் பூசைக்கு வாசலிலேயே பூ இருக்கும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் எடுக்காதீர்கள். வெளிப்பக்கம் பார்க்கிற கணுவுக்குச் சற்று மேலே, சரிவாக ஒரு வெட்டு. கத்தி கூராக இருக்க வேண்டும், தடி நசியக் கூடாது. முதல் வெட்டு வெட்டும்போது என் கை நடுங்கியது, உண்மையாகத்தான் சொல்கிறேன்.

அடுத்தது தண்ணீர். எங்கள் பக்கத்துக் கிணறுகள் நிறையவற்றில் சுண்ணாம்பு கூட. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான். அந்தத் தண்ணீரை நெடுக ஊற்றினால், மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. இந்த இலையைப் பாருங்கள். நரம்பு பச்சை, இடையில் எல்லாம் மஞ்சள். நுனி இலையில் இப்படி வந்தால் இரும்புக் குறைபாடு. யூரியாவைப் போட்டுவிடாதீர்கள், இலைதான் தழைக்கும், பூ வராது. நான் மழைத் தண்ணீரைப் பீப்பாவில் பிடித்து வைத்து ஊற்றுகிறேன், அடியில் மக்கின மாட்டெருவும் இலைக்குப்பையும் போடுகிறேன். புதிதாக வருகிற இலைகள் பச்சையாகத்தான் வருகின்றன. அடியில் இருக்கிற பழைய இலை ஒன்றிரண்டு மஞ்சளாகி விழுந்தால் பயப்பட ஒன்றும் இல்லை.

பூச்சியைச் சொல்லாமல் விட முடியாது. மொட்டுக் காம்பில் வெள்ளைப் பஞ்சு ஒட்டினமாதிரி இருக்கிறதே, அது மாவுப்பூச்சி. பக்கத்தில் எறும்பு வரிசையாக ஏறுகிறது, தெரிகிறதா? பூச்சி விடுகிற இனிப்பு நீரைக் குடிக்கத்தான் எறும்பு வருகிறது. அதற்காக மற்றப் பூச்சிகளை அண்ட விடாமல் மாவுப்பூச்சிக்குக் காவலும் நிற்கும். அதனால் எறும்பு ஏறுகிற வழியையும் மறிக்க வேண்டும், சுவரிலும் வேலியிலும் முட்டுகிற கிளைகளை எடுத்துவிடுங்கள். முதலில் தண்ணீரை வேகமாக அடித்துக் கழுவுங்கள். பிறகு ஒரு லீற்றர் தண்ணீருக்கு 5 மில்லிலீற்றர் வேப்பெண்ணெய், கொஞ்சம் சவர்க்காரக் கரைசல், நன்றாகக் கலக்கி, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கமும் நனைய அடியுங்கள். கிழமைக்கு ஒருமுறை, மூன்று தடவை.

ஒன்று மறந்துவிட்டேன். காலையில் விரிந்த பூ பின்னேரம் சுருங்கினால் நோய் என்று நினைக்காதீர்கள். இந்தப் பூவுக்கு ஆயுளே ஒரு நாள்தான். விரியாமல் மொட்டாகவே உதிர்ந்தால்தான் தண்ணீரையும் பூச்சியையும் பார்க்க வேண்டும்.

வெட்டின தடிகளை எறிய மாட்டேன். பென்சில் மொத்தத்தில் ஒரு சாண் துண்டு, கணுவுக்குக் கீழே வெட்டி, மேலே இரண்டு இலை மட்டும் விட்டு, குருமணல் கலந்த மண்ணில் பாதி புதைத்து நிழலில் வைத்தால், ஐந்தாறு கிழமையில் வேர் பிடிக்கும். இந்த ஏழு பையில் ஒன்று பரந்தனில் இருக்கிற தங்கச்சிக்கு, ஒன்று முல்லைத்தீவில் மாமி வீட்டுக்கு. மற்றது எல்லாம் எங்கள் ஒழுங்கைக்கு. அப்பம்மாவின் மரம் வேலிக்கு வேலி நிற்கப் போகிறது என்று அம்மா இப்போதே சொல்லித் திரிகிறார். சரி, வெயில் ஏறுகிறது, இந்தப் பைகளை மாமர நிழலுக்குக் கொண்டுபோய் வைக்கிறேன்.